வளர்ப்புயிரின் பிரிவும் இல்லறத்தார் துயரமும்

எங்கள் இல்லத்தில் 13 ஆண்டுகள் வாழ்ந்த மணி என்னும் நாய் சென்ற மாசித் திங்களில் உயிர் நீத்தது. ஒரு நாயின் மறைவைப் பற்றி நம் இதழில் எழுதுவது தகுமா என்று தயங்கினேன். ஆயினும் உறவினர் பலர் எனக்குக் கூறிய ஆறுதல் மொழிகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

"நாய்தானே, இதற்குப் போய் மனத்தை அலட்டிக்கொள்ளலாமா?" என்றார் ஒருவர். சமண இல்லத்தில் பிறந்தவர் இவ்வாறு கூறியது எனக்கு வியப்பளித்தது. யசோதர காவியத்தில் அரசன் மயிலாகவும் அவன் தாய் நாயாகவும் பிறந்த வரலாற்றை அவரும் சிறு வயதில் கேட்டவரே. நாய் ஐயறிவுயிர், மனிதன் ஆறறிவுயிர் என்று வகுப்பறையில் நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்ததுண்டு. நம் ஆகமமோ நாயையும் நம்மையும் மனமுடைய ஐம்பொறியுயிர்கள் என ஒரே வரிசையில் வைக்கிறது.

மற்றொருவர் கற்றவர். "அழுதால் ஆர்த்தத் தியானம் ஆகும் அம்மா" என்று நினைவூட்டினார். அது முற்றிலும் சரியே. விரும்பிய ஒன்று பிரிந்தபோது அதனை மீண்டும் மீண்டும் நினைந்து ஏங்குதலை ஆர்த்தத் தியானத்தின் வகைகளுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறது. அது விலங்குகதிக்கு வழி என்பர் பெரியோர். நாய்க்காக அழுது நாயாகவே பிறப்பதா என்று எண்ணியபோது துயரத்தினூடேயும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆகவே அநித்தியம், அந்நியத்துவம் ஆகிய பாவனைகளை நாள்தோறும் சிந்தித்தேன். பொழுது சாயுமுன் நாங்கள் உண்ணும் வேளையில் மணியும் தயிர்ச்சோறு உண்ணும். (இரவில் அடுத்த தெருவில் என்ன உண்டது என்பதை நான் ஆராய்ந்ததில்லை.) அதன் தட்டு இருந்த இடத்தைக் காணும்போதெல்லாம் எழுந்த ஏக்கம் சில வாரங்களில் தணிந்தது. பாவனைகள் பயனளிப்பவை என்பதை ஏட்டில் படித்ததைவிட அப்போதுதான் நன்கு உணர்ந்தேன்.

எனினும் ஒன்று மட்டும் தணியவில்லை. அது பிரிவின் ஏக்கமன்று என்பது எனக்கு விளங்கப் பல நாள் ஆயிற்று.

கடைசி இரண்டு ஆண்டுகளில் மணிக்குக் கண்பார்வை மங்கியது. எங்கள் வீட்டின் முன்பு பேருந்து செல்லும் சாலை. எனவே கொல்லையில் உள்ள முருங்கை மரத்தில் சங்கிலியால் கட்டினேன். முதலில் காலை வேளையில் மட்டும் கட்டினேன். பின்பு விருந்தினர் வரும்போது, நான் வெளியூர் செல்லும்போது, இறுதியில் பொழுதெல்லாம் என்றாயிற்று. சாலைக்கு அஞ்சிக் கட்டியது ஒரு பங்கு. என் வசதிக்காகக் கட்டியது மற்ற பங்கு. அது இறந்த பின் பார்த்தேன். மரத்தைச் சுற்றி அதன் கால் பட்டுப் பட்டுப் புல் முளைக்காத ஒரு வட்டம் இருந்தது.

அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. அழகுக்காக நாயின் வாலையும் செவியையும் வெட்டுவோர் மூன்றாவதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் உபவாசம் இருந்த நாட்களிலும் மணியின் சோற்றை மறந்ததில்லை. முதலில் நிற்கும் கட்டுதலில்தான் தவறினேன். விலங்கைக் கட்ட நேர்ந்தாலும், அது அசைந்து திரும்ப இடம் விட்டு, நெருப்புப் பற்றினால் உடனே அவிழ்க்கத்தக்க தளர்ந்த முடிச்சாக இடவேண்டும் என்று உரையாசிரியர்கள் எத்துணை நுட்பமாக எழுதியிருக்கிறார்கள்! நான் இட்டதோ நான்கடிச் சங்கிலி.

"கடைசி நேரத்தில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியில் ஓதினீர்களே, சீவகன் ஓதிய நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்றே" என்று தேற்றினார் என் நாத்தனார். ஓதியது உண்மை. ஓதும்போது அதன் செவி இருமுறை அசைந்ததும் உண்மை. ஈ மொய்த்ததாலும் இருக்கலாம். ஆனால் பிறர் அடித்த நாய்க்குச் சீவகன் ஓதினான். நான் கட்டி வைத்த நாய்க்கு நானே ஓதினேன்.

அது கட்டுண்டது அதன் முன்வினைப் பயன் எனலாம். கட்டியது என் வினை. அதன் வினையைக் காட்டி என் வினையைக் கழித்துவிட முடியாது. பிரிவுத் துயரத்திற்குப் பாவனை மருந்து. குற்ற உணர்வுக்கு அம்மருந்தைக் கொடுத்து உறங்கச் செய்தல் முறையன்று. அதற்கு ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் உள்ளன.

எங்கள் ஊர் ஜினாலயத்திற்கு எழுந்தருளிய ஆரியிகை மாதாஜி ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "சங்கிலி எத்தனை அடி?" என்று மட்டும் வினவினார். சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஒன்பது முறை நமோகாரம் எண்ணிக் காயோற்சர்க்கத்தில் நிற்கச் சொன்னார். முழங்கால் வலியோடு நின்றேன். அன்றிரவு உறக்கம் வந்தது.

இப்போது என் மகன் வேறொரு குட்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். கொல்லையைச் சுற்றி வேலி அடைக்க எவ்வளவு செலவாகும் என்று முதலில் விசாரித்துவரச் சொல்லியிருக்கிறேன்.