காக்கும் கண்ணும் காணும் கண்ணும்: கொல்கத்தா எகிப்தியக் கூடத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கண் காண்பதற்குரிய பொறி. ஆயினும் பண்பாடுகள் பலவற்றில் அது காக்கும் ஆற்றலாகவும் கெடுக்கும் ஆற்றலாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. தமிழில் 'கண்ணேறு' என்னும் சொல் தீங்கு விளைக்கும் பார்வையைக் குறிக்கின்றது. 'கண்ணோட்டம்' என்னும் சொல் இரக்கத்தைக் குறிக்கின்றது. ஒரே உறுப்பின் செயல் நேரெதிரான இரு நிலைகளுக்குப் பெயராகியிருத்தல் எண்ணத்தக்கது. பார்வை எப்பொழுது காவலாகின்றது, எப்பொழுது தீங்காகின்றது என்னும் வினா இவ்விரு சொற்களுக்கும் இடையில் நிற்கின்றது. பண்டை எகிப்தியரின் காவற்கண் குறியீட்டையும், எகிப்திய மம்மி ஒன்று வைக்கப்பெற்றுள்ள கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தையும் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெட்ஜத் என்னும் காவற்கண்

எகிப்தியத் தொன்மத்தில் ஓரசு என்னும் கடவுள் சேத்து என்னும் கடவுளோடு பொருதபொழுது கண்ணை இழந்தார். அறிவுக் கடவுளாகிய தோத்து அக்கண்ணைச் சீர்செய்து அளித்தார். அவ்வாறு நலம்பெற்ற கண்ணே 'வெட்ஜத்' எனப்பட்டது. முழுமையானது, ஊறு நீங்கியது என்பது அச்சொல்லின் பொருள். மாந்தக் கண்ணும் புருவமும், அவற்றின் கீழ்ப் பருந்தின் முகக் கோடுகளும் இணைந்தது இதன் வடிவம். பழைய அரசுக் காலத்தின் இறுதி தொடங்கி உரோமர் ஆட்சிக்காலம் வரை இது காப்பணியாகச் செய்யப்பெற்றது. நீலமும் பச்சையுமான மெருகுடைய ஃபயான்ஸ், பொன், செம்மணிக்கல், நீலக்கல் ஆகியன இதற்குப் பயன்பட்டன. 1939-இல் பியர் மோந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் தானிசு நகரில் கண்டறிந்த இரண்டாம் சேசோங்கு மன்னரின் கல்லறையில் கிடைத்த பொற்காப்புகளில் இக்கண் கற்கள் பதித்துச் செய்யப்பட்டுள்ளது.

இறந்தோர் உடலைப் பதப்படுத்துவோர் உள்ளுறுப்புகளை அகற்றுதற்கு விலாவின் இடப்பக்கத்தில் கீறுவது வழக்கம். அக்கீறலை மூடும் தகட்டில் வெட்ஜத் கண் பொறிக்கப்பட்டது. பிளவுண்ட இடத்தில் முழுமையின் குறியை வைத்தல் அதன் கருத்து. நடு அரசுக் காலத்துச் செவ்வகப் பேழைகளின் ஒரு பக்கத்தில் இரு கண்கள் தீட்டப்பட்டன. உடல் இடப்பக்கமாகச் சாய்த்து, முகம் அக்கண்களுக்கு நேராக அமையுமாறு கிடத்தப்பட்டது. கிழக்கில் எழும் ஞாயிற்றை இறந்தவர் அவற்றின் வழியே காண்பார் என்பது நம்பிக்கை.

இவ்விரு வழக்கங்களும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. எகிப்தியரின் காவற்கண் பகைவரை அச்சுறுத்தும் வலிய கண் மட்டுமன்று. புண்பட்டுத் தேறிய கண். இறந்தவரைப் பிறர் காண்பதற்காக அன்றி, இறந்தவர் தாமே காண்பதற்காக வரையப்பட்ட கண்ணும் ஆகும்.

தமிழ் மரபில் கண்

புண்பட்ட தெய்வக் கண் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. பெரியபுராணம் கூறும் கண்ணப்பர் வரலாற்றில் காளத்திநாதரின் கண்ணில் குருதி பெருகுகின்றது. வேடராகிய திண்ணனார் தம் கண்ணை இடந்து அப்புகின்றார். எகிப்தியத் தொன்மத்தில் கடவுளின் கண்ணைக் கடவுளே குணப்படுத்த, இங்கு மனிதர் ஒருவர் அதனைச் செய்கின்றார். வேறுபாடு பெரிதாயினும், பிறர் புண்ணைக் காணுதல் காண்பவர்மீது ஒரு கடனைச் சுமத்துகின்றது என்னும் கருத்து கண்ணப்பர் வரலாற்றில் தெளிவாக விளங்குகின்றது. கண்ணோய் நீங்க வேண்டித் திருக்கோயில்களில் வெள்ளியாலான கண்மலர் செலுத்தும் வழக்கமும் ஊறு நீங்கிய கண்ணைப் போற்றுவதே ஆகும்.

இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு எகிப்தியரும் தமிழரும் ஒரு மூலத்தினர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. செங்கடற்கரைத் துறைகளாகிய குசைர் அல் காதிமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவை உரோமர் காலத்து வணிகத்திற்குச் சான்றாவன. வெட்ஜத் குறியீடோ அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. வணிகத் தொடர்பு வேறு, கருத்தொற்றுமை வேறு.

கொல்கத்தாவின் இருவகைக் கண்கள்

1814-இல் ஆசியச் சங்கத்தில் தோற்றம் பெற்ற இந்திய அருங்காட்சியகம் 1878 முதல் சௌரங்கியில் உள்ள இன்றைய கட்டடத்தில் இயங்கி வருகின்றது. அதன் எகிப்தியக் கூடத்தின் மம்மியே பெருந்திரளான மக்களை ஈர்க்கும் பொருள்களுள் ஒன்று. அம்மனிதர் கொல்கத்தா என்னும் பெயரைக் கேட்டிருத்தல் இயலாது. மூடிய கல்லறையில் என்றும் கிடக்கவேண்டும் என்பதே அவரைக் கிடத்தியோரின் விருப்பம். இன்று அவர் கண்ணாடிக்குள் கிடக்கின்றார். காண்போர் வந்து செல்கின்றனர்.

அதே நகரின் வடபகுதியில் உள்ள குமார்துலியில் களிமண் படிமங்கள் செய்யும் கைவினைஞர் வாழ்கின்றனர். துர்க்கைப் படிமத்திற்கு மரபுப்படி மகாளய அமாவாசையன்று கண் தீட்டும் சடங்கு 'சொக்குதான்' எனப்படும். கண்கொடை என்பது அதன் பொருள். தமிழகத்துச் சிற்பியர் செய்யும் கண் திறத்தலோடு இஃது ஒப்பு நோக்கத்தக்கது. இலங்கையில் படிமத்திற்குக் கண் தீட்டும் சடங்கை ஆனந்த குமாரசாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவு செய்துள்ளார். அங்குக் கண் தீட்டுவோர் படிமத்தை நேரே நோக்காது, கண்ணாடியில் அதன் உருவைப் பார்த்தே தீட்டுவர்.

இச்சடங்குகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கண் பெற்ற உருவம் திரும்பி நோக்கும் ஆற்றலைப் பெறுகின்றது. அதன்பின் அதன்முன் நிற்பவர் காண்பவர் மட்டுமல்லர், காணப்படுபவரும் ஆவார். விழா முடிந்ததும் துர்க்கைப் படிமம் ஆற்றில் கரைக்கப்பட்டு, காணும் உறவு முறையாக நிறைவு பெறுகின்றது. அருங்காட்சியகத்தில் இவ்விரண்டும் இல்லை. பார்வை ஒருவழிப்பட்டது, அதற்கு முடிவும் இல்லை.

அறவினா

இறந்தவர்க்கு உணர்வில்லை, ஆதலின் அவருக்கு இழைக்கும் தீங்கும் இல்லை என்பர் ஒரு சாரார். மம்மியை ஆராய்வதால் பண்டைக்கால நோய், உணவு, வாழ்நாள் முதலியன அறியப்படுகின்றன என்பதும் அவர் கூற்று. இவ்வறிவின் பயனை மறுத்தல் இயலாது. ஆயின் அதன் விலையையும் மறைத்தல் ஆகாது. 1922-இல் கண்டறியப்பட்ட துட்டங்காமன் கல்லறையில் இருந்த மம்மியின் கட்டுகள் 1925-இல் அவிழ்க்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகளும் காப்புகளும் அதனினின்று எடுக்கப்பட்டன, உடல் துண்டுபட்டது. காத்தற்கென வைத்த பொருள்களை எடுக்கும் முயற்சியிலேயே காக்கப்பட வேண்டிய உடல் சிதைந்தது.

எகிப்திய நாடே இவ்வினாவில் ஒரு நிலையில் நின்றதில்லை. கெய்ரோ அருங்காட்சியகத்தின் அரச மம்மிக் கூடம் சதாத் ஆட்சியின் இறுதியில் மூடப்பட்டது. 1994-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் 22 அரச மம்மிகள் அரச மரியாதையுடன் ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. பன்னாட்டு அருங்காட்சியக அவையின் ஒழுக்க நெறித் தொகுப்பும் மனித உடலெச்சங்களை மனித மாண்பு குன்றாவகையில் காட்சிப்படுத்துமாறு வற்புறுத்துகின்றது.

இவ்விடத்தில் வள்ளுவம் வழிகாட்டுகின்றது. கண்ணோட்டம் திருக்குறளின் 58-ஆம் அதிகாரம். அஃது அறத்துப்பாலில் இல்லாது பொருட்பாலின் அரசியலில் வைக்கப்பெற்றுள்ளது. அருளுடைமை துறவறத்தார்க்கு உரியதாகக் கூறப்பட, கண்ணோட்டம் ஆளும் கடமையுடையார்க்கு உரியதாகின்றது. அதிகாரம் உடையவன் காண்கின்றான். அதிகாரம் இல்லாதவன் காணப்படுகின்றான். இந்நிலையில் காண்பவனிடம் இருக்கவேண்டிய பண்பே கண்ணோட்டம். மேலும், செய்யவேண்டிய செயல் கெடாதவாறு கண்ணோட வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்து. ஆகவே ஆராய்ச்சியைக் கைவிடுக என்பதோ, இரக்கத்தை ஒதுக்குக என்பதோ வள்ளுவத்தின் தீர்வாகாது. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதே அதன் துணிபு.

அயல்நாட்டுக் கல்லறைப் பொருள்கள் கொல்கத்தா வந்தடைந்தமை ஆட்சி அதிகாரம் திறந்த வழிகளின் விளைவு. அவற்றைப் பேணும் நிறுவனம் அரசின் நிறுவனம். எனவே அரசியலுக்குரிய பண்பாகிய கண்ணோட்டம் அதற்கும் பொருந்தும். மம்மியை வியப்புப் பொருளாகக் காட்டாது, வாழ்ந்து மறைந்த ஒருவராக அறிமுகம் செய்தல். அவர்தம் மரபில் கண் எதற்காகத் தீட்டப்பட்டது என்பதை விளக்குதல். காண விரும்பாதவர் விலகிச் செல்லும் வகையில் இடத்தைத் தனியே அமைத்தல் ஆகியவை எந்த அருங்காட்சியகத்திலும் இயலக்கூடியன. இவற்றுள் எதுவும் ஆராய்ச்சிக்குத் தடையாகாது.

முடிவுரை

கண்ணேறு என்பது காணப்படுபவரின் நிலையை எண்ணாது பாயும் பார்வை. கண்ணோட்டம் என்பது காணப்படுபவரை நோக்கிச் செல்லும் பார்வை. வெட்ஜத் கண்ணைச் செய்தோர் ஊறு நீங்கிய பார்வையே காக்கும் எனக் கருதினர். வள்ளுவர் அப்பார்வையை அதிகாரம் உடையோரின் கடமையாக்கினார். காப்பணியின் ஆற்றலில் நம்பிக்கை இல்லாதவரும் இக்கடமையினின்று நீங்கியவர் ஆகார். தன் காவலை இழந்து அயல்நிலத்தில் கிடக்கும் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் காவல் காண வருவோரின் கண்ணே ஆகும்.