நீலக் கண்

ராஜபாளையம் நாய் என்றதும் பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் நம் நினைவுக்கு வரும். 2005-ல் தபால் தலையிலும் இடம் பெற்ற நாய் அது. ஆனால் அந்த வெண்மைக்கு ஒரு விலை உண்டு. நிறம் தரும் உயிரணுக்கள் தோலுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் உட்செவிக்கும் வேண்டும். அவை கண்ணை எட்டாவிட்டால் கண் வெளிறி நீலமாகும், பார்வை கெடாது. உட்செவியை எட்டாவிட்டாலோ, குட்டி சில வாரங்களில் செவிடாகிவிடும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு குட்டி இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாது, கையசைத்தால் ஓடி வரும்.

"பூர்வ ஜன்மத்துப் பாவம், சார், வேறென்ன?" என்றார் அவர்.

எனக்கு அது சம்மதமில்லை. மற்ற நிறக் குட்டிகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளையோடு வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது யார்? நாமல்லவா? ஆசை நம்முடையது; தண்டனை மட்டும் அதனுடையதா?

அந்த வாயில்லா ஜீவனுக்கு நாம் பட்ட கடன் இரண்டு. கைவிடாமல், கைச்சாடையில் பழக்கி வளர்ப்பது ஒன்று. எத்தனை அழகாயிருந்தாலும் அதை இனம் பெருக்க விடாதிருப்பது மற்றொன்று. முதலாவதற்கு இரக்கம் போதும். இரண்டாவதற்கு நம் ஆசையை அடக்க வேண்டும். அதற்குத்தான் மனம் இடம் கொடுப்பதில்லை.