கடைசல் கோடுகள்

அமெரிக்காவில் இருக்கும் தம்பி பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்க்கிறான். போன கோடையில், அடுத்து எதை வாங்கலாம் என்று இரண்டு மொசின்-நகாந்த் ரைஃபிள்களின் படங்களைக் காட்டினான். ஒன்று 1936, தூலா ஆலை, நல்ல வழவழப்பு. மற்றது 1943, இஷெவ்ஸ்க்; இரும்பின்மேல் கடைசல் கோடுகள் அப்படியே நின்றன. போர் அவசரத்தில் மெருகேற்ற நேரமில்லையாம். குழலிலும் போல்ட்டிலும் எண்கள் ஒத்துப்போகின்றனவா, குழலுக்குள் துரு உண்டா என்பதுதான் அவன் கவலை.

நான் 1943-ஐக் காட்டினேன். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, சோவியத் ஆலைகளில் பெண்களும் பதின்வயதினரும் எந்திரங்களின் முன் நின்ற காலம். “இதுல ஒரு பொண்ணோட கை இருக்குடா.”

“அப்ப இதையே எடுத்துடறேன்க்கா.”

இரவு முழுக்க உறுத்தியது. லுத்மிலா பவ்லிசென்கோ 309 பேரைச் சுட்டதாகச் சோவியத் கணக்கு. 1942-இல் அமெரிக்கா வந்த அவரிடம் நிருபர்கள் பாவாடையின் நீளத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதை வகுப்பில் எத்தனையோ முறை கோபமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த 309 பேரைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. நாஜிகளை எதிர்த்த அந்தப் போரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெண் கை பட்டது என்றதும் கொலைக்கருவி எனக்கு நினைவுப்பொருளாகிவிட்டது. தம்பிக்கு எண்கள் செய்த வேலையை எனக்கு அந்தக் கை செய்தது.

காலையில் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. “என் பேச்சை வச்சு வாங்காதடா” என்று மட்டும் சொன்னேன்.