புரட்டாசியும் தேவைக் கோடும்

அந்தச் சொல் கோட்டின் மேல் இருந்ததா, கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி இருந்ததா? இன்னும் பிடிபடவில்லை.

நாமக்கல்லை ஒட்டிய ஒரு கோழிப்பண்ணையில் கணக்கெழுதும் பெண் அவள். பத்தாவதோடு நின்றவள், ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிட வேண்டுமென்று தானாகவே படிக்கிறாள். முட்டை வாங்கப் போனபோது மேசையில் பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகம் விரிந்து கிடந்தது. தேவைக் கோட்டின் படம். அதில் பென்சிலால் 'புரட்டாசி' என்று எழுதியிருந்தாள். நான் நின்ற பக்கத்துக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. "தனியாப் படிச்சா பாஸ் ஆயிருவனுங்களாண்ணா?" என்று கேட்டபடியே புத்தகத்தை மூடிவிட்டாள். வெளியே லாரி வந்து நின்றிருந்தது.

விலை ஏறினால் வாங்குவது குறையும், இறங்கினால் கூடும். இது கோட்டின் மேலேயே ஏறி இறங்குவது. ஊரே கவிச்சியை விட்டுவிட்டால் கதை வேறு. கோடே இடப்பக்கம் நகர வேண்டும். இந்த வேறுபாட்டைப் பரீட்சையில் கேட்பார்கள். புரட்டாசியில் முட்டை விலை சரிவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெருமாளுக்காக மனிதர்கள் நிறுத்துகிறார்கள், கோழி நிறுத்துவதில்லை. ஆக, இடப்பக்கம் என்றால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது. கோட்டின் மேல் என்றால்?

1982இல் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பண்ணை விலையை அறிவிக்கிறது. வியாபாரி பல நேரம் அதில் சில காசுகளைக் கழித்துத்தான் எடுப்பார். அந்தக் கழிவுக்கு 'மைனஸ்' என்று பெயர். பாடப் புத்தகத்தில் மைனஸ் கிடையாது, அவளுடைய கணக்கு நோட்டில் உண்டு.

புத்தகத்தில் இல்லாத இந்த மாதிரிக் கழிவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் தாத்தாவோடு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கிழங்கு வண்டியில் போயிருக்கிறேன். மரவள்ளிக்கு எடை மட்டும் போதாது. எத்தனை பாயிண்ட் மாவு என்று பார்த்துத்தான் விலை. மழை பிடித்தால் பாயிண்ட் இறங்கிவிடும். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாத தாத்தா, கிழங்கை ஒடித்துப் பார்த்தே பாயிண்ட் சொல்வார். ஆலையில் சொல்வது பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரிந்ததும் பொருளியல்தானே என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது சான்றிதழ். ஏட்டுப் படிப்பு எதற்கு என்று அவளிடம் சொல்ல, பட்டம் வாங்கிய எனக்கென்ன யோக்கியதை?

எப்போதோ படித்தது: பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் கணிதத்தில் தேர்ந்தவர், ஆனால் 1890இல் வந்த தன் பெருநூலில் கோட்டுப் படங்களையெல்லாம் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டார். 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணக்கைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொள், பிறகு சாதாரண மொழிக்கு மாற்று, வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டு, கணக்கை எரித்துவிடு என்கிற மாதிரி வழி சொன்னார். இவள் அந்த வழியில் எதிர்த்திசையிலிருந்து வருகிறாள். உதாரணம் கைவசம் இருக்கிறது, கோட்டைத்தான் தேடுகிறாள்.

இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்று கேலிப் பெயர் உண்டு. அவற்றில் சில, ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் பன்னிரண்டாம் பாடத்தையே இரண்டு வருடமும் உருப்போட வைத்தன. 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளிகள் திறக்காமல் விட்ட புத்தகத்தில்தான் இவள் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

யோசிக்க யோசிக்க, கோட்டின் மேல் எழுதியிருந்தாலும் முழுத் தப்பு என்று தோன்றவில்லை. விலை சரிந்ததும் பேக்கரிக்காரரும் விரதமில்லாத வீடுகளும் கூடுதலாக வாங்கத்தான் செய்வார்கள். கோடும் நகர்கிறது, நகர்ந்த கோட்டின் மேல் இறக்கமும் நடக்கிறது. விடைத்தாள் திருத்துபவருக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. ஓர் ஆசிரியர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பிரித்துக் காட்டியிருப்பார்.

நானே போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். போனால், மைனஸை எந்தக் கோட்டில் போடுவது என்று கேட்பாள். பரீட்சைக்கு அது வராதும்மா என்று சொல்வது அவளுக்கு உதவியா, கெடுதலா என்று எனக்குத் தெரியவில்லை.