கயிறும் கோலும்

பிறருக்குச் செய்யும் சகாயத்தால் செய்பவனுக்குப் புண்ணியம் சேர்கிறது என்ற நம்பிக்கை நம் தேசத்தில் எத்தனையோ அன்னசத்திரங்களையும் ஆதுலர் சாலைகளையும் எழுப்பியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வாங்கும் கை என்றைக்கும் நீட்டியபடியே இருந்தால்தான் புண்ணியக் கணக்கு வளரும் என்று ஆகிவிடும்போது, அந்தக் கைக்கு உரியவனுடைய நிலை உயர வேண்டும் என்ற ஆசை கொடுப்பவன் உள்ளத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற சந்தேகம் எழத்தான் செய்கிறது.

பிறர் கையை எதிர்பாராமல் தம் காரியத்தைத் தாமே செய்த தண்டியடிகளின் சரித்திரம் பெரிய புராணத்தில் சிறியதுதான். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூர்க் கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் குறுகிப் போனதைப் பொறாமல், குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, அதைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். இறுதியில் அவர் பார்வை பெறுவதையும், அவரைத் தடுத்த சமணர் பார்வை இழப்பதையும் காட்டிலும் எனக்கு அந்தக் கயிறே பெரிய அற்புதமாகத் தோன்றுகிறது. அந்தகத்துவத்தைத் தண்டனையாகக் காட்டும் முடிவு, அந்தகர் ஒருவரை நாயனாராகவே போற்றும் நூலுக்குப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் அளித்தான். அந்தப் பழைய தலம் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட, பூண்டியில் எழுந்த புதிய கோயிலில் இன்றும் கொம்பொடிந்த நந்தியைக் காணலாம். கண் கேட்டவனுக்குக் கோல்தானா என்று வெகுண்டு சுந்தரர் அதை வீசியெறிந்தபோது ஒடிந்த கொம்பு அது என்பது ஐதீகம். உதவி பெற்றவன் நன்றியோடு தலைகுனிந்தே நிற்க வேண்டும் என்று கருதும் தர்மவான்கள் அந்த நந்தியை ஒருமுறை தரிசித்து வருவது நல்லது.

இக்காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் துணை நிற்போர் பல வகையினர். இயன்முறை மருத்துவர், சைகை மொழிபெயர்ப்பாளர், சிறப்பாசிரியர், செயற்கைக் கால் செய்பவர், கூலிக்கு வரும் பராமரிப்பாளர், கூலியும் விடுப்பும் அறியாத தாய் என்று அந்த வரிசை விரிகிறது. இவர்களுள் தேர்வறையில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று வந்து அமர்பவரின் பணியைப் போல வைராக்கியம் வேண்டுவது வேறொன்று உண்டோ, அறியேன். பார்வையற்ற மாணவன் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லும்போது, சரியான விடை தமக்குத் தெரிந்திருந்தும், குரலிலோ மூச்சிலோ சிறு குறிப்பும் காட்டாமல் அந்தத் தவற்றையே எழுதுகிறார் அவர். திருத்திவிட்டாலோ மதிப்பெண் கூடும், தேர்வு மட்டும் அந்த மாணவனுடையதாக இராது. இதற்கு மாறாக, பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர் தம் சட்டைப் பொத்தானைப் பத்து நிமிஷம் முயன்று தாமே போட்டுக்கொள்ளக்கூடிய நிலையில், அவசரத்தாலும் அன்பாலும் அரை நிமிஷத்தில் போட்டுவிட்டுப் போகும் பராமரிப்பாளரை எந்த வீட்டிலும் காணலாம். அன்பு இவ்விடத்தில் ஓர் அபகாரம் செய்கிறது என்று சொன்னால் அந்த நல்ல மனிதர் வருந்துவார். ஆயினும் உண்மை அதுவே.

அவரவர் காரியத்தை அவரவரிடமே விட வேண்டும் என்ற இந்த நியாயம் அறிவு வளர்ச்சி குன்றியவர் விஷயத்தில் இத்தனை எளிதாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாட்டில், பரஸ்பர நம்பிக்கையின் மேல் பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கூடியே முடிவெடுக்க வேண்டும் என்றும், அம்முடிவு அந்த மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு இணங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. சொல்லால் மறுக்க இயலாத ஒருவர் எந்த உணவை ஒதுக்குகிறார், யாரைக் கண்டால் முகம் சுளிக்கிறார் என்பதையெல்லாம் கூடவே இருந்து கண்டவர்க்கன்றி அந்த விருப்பம் புலப்படாதாகையால், பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு மட்டும் வந்து போகும் உறவினர் சட்டப்படி பாதுகாவலராக இருக்கலாமே ஒழிய, அந்தச் சட்டம் கேட்கும் காரியத்தை அவரால் செய்ய முடியாது.