விலை கொடுத்தால் கடன் தீருமா?

பொருள் கொடுத்துப் பெறும் எதுவும் நமக்கு உரியதே என்னும் எண்ணம் இன்று பலரிடம் வேரூன்றிவிட்டது. விலை கொடுத்தோம், பெற்றோம். இதில் பழி எங்கே வந்தது என்று கேட்கின்றனர். வாணிகத்திற்கு இவ்விடை போதும். அறத்திற்கும் போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இதனைத் தெளிவதற்குச் செல்வர் பெரிதும் விரும்பும் ஓர் இன்பத்தை எடுத்துக்கொள்வோம். விடுமுறைக்கெனத் தொலைநாடுகளுக்குப் பறந்து சென்று, கடலோர உல்லாச விடுதிகளில் தங்கி, கோல்ஃப் ஆடி மீளும் பயணமே அது. தாய்லாந்து, பாலி, மொரீஷியஸ், துபாய் என இதற்குப் பெயர் பெற்ற இடங்கள் பல.

விளையாட்டைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. இவ்வாட்டம் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் வளர்ந்தது. கடலுக்கும் கழனிக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணல்மேட்டு நிலம் அங்கு உண்டு. வானம் பொழிந்து புல்லை வளர்த்தது. ஆடுகளும் முயல்களும் மேய்ந்து அதனைக் கட்டையாக வைத்திருந்தன. அப்புல்தரையில் மக்கள் பந்தடித்து மகிழ்ந்தனர். வில்பயிற்சிக்கு இடையூறாகின்றது என்று 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடை செய்தது என்றால், மக்கள் இதில் கொண்ட ஈடுபாடு விளங்கும். 1764இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரின் திடலில் 18 குழிகள் என்னும் வரையறை ஏற்பட்டது. அப்பழைய திடல் இன்றும் பொதுச்சொத்தே. சில பெரும் போட்டிகளின் காலம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு ஆட்டம் இல்லை. ஊரார் அப்புல்தரையில் உலவி வருகின்றனர். நிலம் தந்ததைக் கொண்டு ஆடினர். நிலத்திற்கு ஓய்வும் தந்தனர்.

இன்றைய விடுமுறைப் பயணமோ இதற்கு மாறானது. ஆடுபவர் நிலத்திற்கு ஏற்ப ஆடுவதில்லை. தம் விருப்பத்திற்கு ஏற்ப நிலம் மாற வேண்டும் என்கின்றனர். ஸ்காட்லாந்தின் மழை தந்த பசுமையைக் கோடையிலும், பாலையிலும், வெப்பத் தீவுகளிலும் எதிர்பார்க்கின்றனர். அதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 18 குழிகள் கொண்ட திடலுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 ஹெக்டேர் நிலம் வேண்டும். அதில் 30 ஹெக்டேர் புல்லுக்கு மட்டும் நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம். வெப்ப நாட்டில் மழையற்ற காலத்தில் புல்தரை நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீரை இழக்கக்கூடும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 15 இலட்சம் லிட்டர் ஆகின்றது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தால், 30,000 பேர் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் போதுமான நீர் அது. இதற்கு மேல் உரமும், களைக்கொல்லியும், பூச்சிக்கொல்லியும் உள.

துபாயில் 1988இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் பாலைமணலில் பசும்புல்லைப் பரப்பிக் காட்டியது. கடல்நீரை உப்பு நீக்கி நன்னீராக்கும் ஆற்றல் அந்நகருக்கு உண்டு. அத்தகைய வசதியில்லாத இடங்களில் ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ நீர் வந்தாக வேண்டும். அந்நீருக்கு முன்னரே உரியவர்கள் இருக்கின்றனர்.

பாலித் தீவில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். அங்கு நெல்வயல்களுக்கு நீர் பகிரும் 'சுபக்' என்னும் முறை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவுகின்றது. நீர்க்கோயில்களை மையமாகக் கொண்டு, மேல்மடை உழவரும் கடைமடை உழவரும் கூடிப் பேசி நீரைப் பங்கிட்டுக்கொள்வர். 2012இல் யுனெஸ்கோ இந்நிலக்காட்சியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அத்தீவில் கடற்பாறைமேல் நிற்கும் தானா லோட் என்னும் கோயிலுக்கு அருகே, விளைநிலங்களை உள்ளடக்கி ஒரு கோல்ஃப் விடுதி அமைக்கும் திட்டம் 1993இல் வெளியாயிற்று. மாணவர், உழவர், சமயச் சான்றோர் எனப் பலரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். கோயிலின் புனித எல்லை காக்கப்பட வேண்டும் என்று 1994இல் அந்நாட்டு இந்து சமயப் பேரவை நெறி வகுத்தது. ஆயினும் விடுதி எழுந்தது, 1997இல் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், வேறொரு பெருந்திட்டத்திற்காக அவ்விடுதி மூடப்பட்டது. இருபதாண்டு இன்பத்திற்காக நூற்றாண்டுகளாக விளைந்த வயல் மாறிப்போனது. அது பழைய வயலாக மீளவில்லை.

மெக்சிகோ நாட்டில் தேபோஸ்த்லான் என்னும் ஊரில், 1995இல், குடியிருப்புகளுடன் கூடிய ஒரு கோல்ஃப் திட்டத்தை ஊரார் ஒன்றுகூடி எதிர்த்தனர். தங்கள் பொதுநிலமும் நீரும் பறிபோகும் என்று அஞ்சி, ஊர் எல்லையில் தடைகளை அமைத்துக் காவல் நின்றனர். 1996 ஏப்ரல் 10ஆம் நாள், நாட்டுத் தலைவரிடம் முறையிடச் சென்றவர்களைக் காவலர் வழிமறித்தனர். ஒரு முதியவர் உயிரிழந்தார். அதன்பின்னரே திட்டம் கைவிடப்பட்டது. ஓர் ஆட்டக்களத்தின் பொருட்டு ஓர் உயிர் போயிற்று என்பது நெஞ்சை உறுத்தும் செய்தியன்றோ?

இதற்கு மறுமொழி கூறுவாரும் உளர். தாய்லாந்தின் திடல்களில் ஆட்டக்காரர்க்குத் துணைசெல்லும் கேடிகளாக எண்ணற்ற பெண்கள் பிழைக்கின்றனர். பயணிகள் வாராவிடில் அவர்கள் நிலை யாது என்பர். சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் திடல்கள் உள்ளன, உவர்நீரைத் தாங்கும் புல்வகைகளும் வந்துவிட்டன என்பர். இவை பொய்யல்ல. பிறர் பிழைப்பை எளிதாகத் தள்ளிப் பேசுதலும் அறமன்று. தீமை குறைந்த வழியை நாடும் திடல்களைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் நம் வினா அப்படியே நிற்கின்றது. விற்பவன் தனக்கு உரியதையே விற்க முடியும். அறைக்கும், ஆட்டத்திற்கும், ஏவலுக்கும் பயணி விலை கொடுக்கின்றான். கடைமடையில் நீர் குறைந்த உழவன் அவ்விலையில் பங்கு பெற்றானா? நிலத்தை விற்க மறுத்தவன் பெற்றானா? மருந்து தெளித்த மண்ணில் மடிந்த புழுவுக்கும் பூச்சிக்கும், இனிப் பிறக்க இருக்கும் மக்களுக்கும் யார் விலை கொடுத்தார்? விலைச்சீட்டில் எழுதப்படாத கடன் இது. பயணி சில நாளில் புறப்பட்டுவிடுகின்றான். கடன் அங்கேயே தங்கிவிடுகின்றது. தொலைவு அவன் கண்ணை மறைக்கின்றது. தன் ஊரில் அண்டை வீட்டான் கிணற்றை வற்றச் செய்து தோட்டம் போட நாணுகின்றவன், ஆயிரம் கல் தொலைவில் அதனை அறியாமலே செய்துவிடுகின்றான்.

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த குணவிரதங்களின் நுட்பம் இங்கே விளங்கும். செல்லும் திசைக்கு எல்லை வகுப்பது திக்விரதம். நுகர்வுக்கு அளவு வகுப்பது போகோபபோக பரிமாணம். பயனின்றிப் பிற உயிரை வருத்தாமை அநர்த்த தண்ட விரதம். பயனின்றி நிலத்தை அகழ்தலும், நீரைச் சிதைத்தலும், மரஞ்செடிகளை வெட்டுதலும், வீணே அலைதலும் பிரமாதசரியை என ஒரே வரிசையில் எண்ணப்பட்டன. உழவன் ஏரோட்டும்போதும் உயிர்கள் வருந்துகின்றன. அது வயிற்றின் பொருட்டு. களிப்பொன்றையே கருதி வருத்துவது அதனோடு ஒப்பதாகாது.

ஓய்வும் ஒரு பயனன்றோ என வினவலாம். ஆம், ஓய்வு வேண்டும், விளையாட்டும் வேண்டும். அவ்வோய்வுக்குப் பிறர் நீரும் பிறர் நிலமும் தேவைதானா என்பதே கேள்வி. அந்நிலம் இயல்பாகத் தருவதைக் கொண்டு மகிழ்பவன் விருந்தினன். அது தர இயலாததைத் தன் பொருள்வலிமையால் கேட்பவனை அப்பெயரால் அழைத்தல் இயலாது.

ஆதலின், எத்தகைய உல்லாசப் பயணத்திற்குப் புறப்படினும் நாம் நம்மையே மூன்று கேட்போமாக. அங்கே நான் பயன்படுத்தும் நீர் எங்கிருந்து வருகின்றது? அந்நிலம் முன்னர் யாருக்குச் சோறிட்டது? நான் மீண்ட பின் அங்கு யார் எனக்காகக் குறைபட்டு வாழ்வர்? விடை கிட்டாவிடில், போகாதிருத்தலே நன்று. விடை கிட்டி நெஞ்சம் அமைதியுறின், சென்று மகிழ்ந்து வருவதில் குற்றமில்லை. கையிலுள்ள பொருள் எத்துணை தொலைவுக்கும் நம்மைக் கொண்டு செல்லும். எங்கே நிற்பது என்பதை அறிவே சொல்ல வேண்டும்.