ஓய்வும் எல்லையும்

புரட்டாசித் திங்களில் வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் அணைகளின் நீர்க்கரையில் குடிலொன்றில் இரண்டு நாள் தங்கிவர நகரத்து உறவினர் பலர் விரும்புகின்றனர். விரும்புவதில் பிழையில்லை; மலைநிழல் நீரில் படிந்திருக்கும் அவ்வமைதி மருந்தினும் மேலானதே. ஆயினும் அவ்வமைதி யாருக்குரியது?

அம்மலைக்காடு 1988 இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. அவ்வணில் தரையில் இறங்குவது அரிது. கிளைகளின் தொடர்ச்சியே அதற்குச் சாலை. குடிலுக்கென நான்கு மரங்களை வெட்டினால் அச்சாலை அறுந்துபோகும்.

நம் முனிவர்கள் மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குவது எதனால்? புல்லும் புழுவும் பெருகிய பருவத்தில், நடக்கும் அடிதோறும் உயிர்கள் நசுங்கும் என்பதனால். நாமோ அதே பருவத்தில்தான் காட்டுக்குப் புறப்படுகிறோம்! இல்லறத்தார்க்கு அத்துணைக் கட்டுப்பாடு இல்லை என்பர், உண்மையே. எனினும் தேச விரதம் நமக்கும் உண்டன்றோ? இன்ன நாளில் இன்ன எல்லையைக் கடவேன் எனக் குறித்துக்கொள்வது அது. ஊருக்குள் தங்கி, காலையில் கரை வரை நடந்து, பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம். இரவுண்ணாமையைப் போற்றும் நமக்கு இது கடினமன்று. விளக்கும் பேச்சொலியும் அகன்றபின் அக்கரைக்கு நீருண்ண வருவன வரும்.